லோ, லா, லோஸ், லாஸ்: ‘ஐ’ உருபு தெரிந்தவர்களுக்கு ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள என்னிடம் வரும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கணப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதில் செயப்படுபொருளுக்குப் பதிலாக வரும் சின்னச் சொற்களைப் பற்றி ஒரு பாடம் இருக்கும். ஓர் அட்டவணை, அதன் கீழே கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை: இந்தச் சொல் வினைக்கு முன்னால் வரும், கவனம்! ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை அவசியம்தான். நமக்கு எதற்கு?

‘லோ கொம்ப்ரே’ என்றால் ‘அதை வாங்கினேன்’. லோ என்பது அதை, கொம்ப்ரே என்பது வாங்கினேன். ‘நான்’ என்று தனியாகச் சொல்ல வேண்டாம், வினையின் விகுதியே அதைச் சொல்லிவிடுகிறது. ‘மே லோ தியோ’ என்றால் ‘எனக்கு அதைக் கொடுத்தான்’. மே எனக்கு, லோ அதை, தியோ கொடுத்தான். முதலில் கு, அடுத்து ஐ, கடைசியில் வினை. அப்படியே நம் வாக்கியம். ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர் இந்த வரிசையை ஒருமுறை கலைத்து, மறுபடி அடுக்குகிறார். நேராகத் தமிழிலிருந்து போனால் அந்த வேலை மிச்சம்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. சில இடங்களில் தெரிந்தே காலை வாரும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த இடங்களைப் பற்றித்தான்.

முதலில் சொற்கள்

மே என்றால் என்னை. தே, உன்னை. நோஸ் என்றால் எங்களை, நம்மை இரண்டும். அந்த வேறுபாடு ஸ்பானிஷுக்குத் தெரியாது. ஓஸ் என்பது நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் ‘உங்களை’. ஸ்பெயினுக்கு வெளியே இதைக் கேட்க மாட்டீர்கள், லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடலாம். மிச்சம் இருப்பவை லோ, லா, லோஸ், லாஸ். தலைவலி முழுக்க இந்த நான்கில்தான்.

நாம் அவனை, அவளை, அதை என்று மூன்றாகப் பிரிப்பதை ஸ்பானிஷ் இரண்டாக்கிவிடுகிறது. லோ என்பது ஆண்பால் ‘அதை’யும் ஆகும், ‘அவனை’யும் ஆகும். லா என்பது பெண்பால் ‘அதை’யும் ‘அவளை’யும். மரியாதையாக ஒருவரிடம் பேசும்போது வரும் ‘உங்களை’யும் இதே லோ, லாதான். வயதான பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘லோ எஸ்பேரோ’ என்றால் ‘உங்களுக்காகக் காத்திருக்கிறேன்’. வார்த்தை ஒன்றுதான், ஆள் யார் என்பதைச் சூழல் சொல்லும்.

பொருள்களுக்குப் பால் இருப்பதுதான் நமக்குப் புதிது. லிப்ரோ (புத்தகம்) ஆண்பால், மேஸா (மேசை) பெண்பால். புத்தகத்தைப் பார்த்தால் லோ, மேசையைப் பார்த்தால் லா. ஓவில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண் என்ற விதி நிறைய இடத்தில் ஓடும். மாப்பா (வரைபடம்), ப்ரொப்லேமா (பிரச்சினை), தீயா (நாள்) மூன்றும் ஆவில் முடிந்தும் ஆண்பால், எனவே லோ. மானோ (கை), ஃபோத்தோ (புகைப்படம்), மோத்தோ (மோட்டார் சைக்கிள்) ஓவில் முடிந்தும் பெண்பால், எனவே லா. தண்ணீர் இன்னும் வில்லங்கம். ‘எல் ஆக்வா’ என்று ஆண்பால் அடைமொழியோடு வரும் (எல் என்பது ஆங்கில ‘த’ போன்றது, பெண்பாலில் அதுவும் லாதான்), ஆனால் சொல் பெண்பால்தான். இரண்டு ஆ ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க அந்த ஏற்பாடு. எனவே தண்ணீரைக் குடித்தேன் என்பது ‘லா பெபீ’, லோ அல்ல. ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டம் என்றால் லோஸ்.

யாரை? யாருக்கு?

பள்ளியில் வேற்றுமை உருபு படித்தபோது இரண்டாவது ஐ, நான்காவது கு என்று ஒப்பித்தோமே, அதைத் தூசி தட்டி எடுங்கள். வினையைப் பார்த்து ‘எதை? யாரை?’ என்று கேட்டால் விடை வருகிறதா? லோ, லா. ‘யாருக்கு?’ என்று கேட்டால்தான் விடை வருகிறதா? அது லே, பன்மையில் லேஸ். பால் வேறுபாடு இல்லாத வேறு சொல். லத்தீனில் பெயர்களுக்கு நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. ஸ்பானிஷ் பெயர்ச்சொற்களில் அவை உதிர்ந்துவிட்டன, இந்தச் சின்னச் சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லத்தீனின் இல்லும், இல்லாம் என்ற ஐ வடிவங்கள்தான் லோ, லா ஆயின. இல்லி என்ற கு வடிவம் லே ஆனது.

மே, தே, நோஸ், ஓஸ் நான்கும் ஐ, கு இரண்டுக்கும் பொது என்பதால் அங்கே குழப்பமே கிடையாது. என்னைப் பார்த்தான், எனக்குக் கொடுத்தான், இரண்டிலும் மே. படர்க்கையில் மட்டும்தான் யோசிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நம்மை நிறைய இடத்தில் காப்பாற்றும். அதைத் தேடுகிறேன் (லோ புஸ்கோ), பாட்டைக் கேட்கிறேன் (லா எஸ்கூச்சோ, கான்ஸியோன், அதாவது பாட்டு, பெண்பால்), அவளைப் பார்க்கிறேன் (லா மீரோ). இந்த மூன்று வினைகளிலும் ஆங்கிலம் நடுவில் ஒரு முன்னிடைச்சொல்லைச் செருகும், அதனால் ஆங்கிலக்காரர்கள் தடுமாறுவார்கள். நாம் தடுமாற வேண்டியதில்லை.

காலை வாரும் வினைகள் இவை. உதவு, காத்திரு, போன் பண்ணு ஆகியவற்றுக்குத் தமிழில் கு வரும்: அவளுக்கு உதவினேன், அவனுக்காகக் காத்திருக்கிறேன், அவளுக்குப் போன் பண்ணினேன். ஸ்பானிஷில் மூன்றுமே ஐ: லா அயுதே, லோ எஸ்பேரோ, லா யாமே. தலைகீழாகவும் நடக்கும். அவனை அடித்தான், அவளைக் கேட்டேன் (கேள்வி கேட்பது), அவனை நம்புகிறேன் என்று நாம் ஐ போடும் இடங்களில் பொது ஸ்பானிஷ் கு போடும்: லே பெகோ, லே ப்ரெகுந்தே, லே க்ரேயோ. நம்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆளை நம்பினால் லே க்ரேயோ, அவர் சொன்ன விஷயத்தை நம்பினால் லோ க்ரேயோ. இந்த ஆறு வினைகளை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், மற்றதற்குக் காது போதும்.

அடுத்தது ‘எனக்கு’. தமிழில் எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது எல்லாம் ஒரே அச்சு. ஸ்பானிஷ் இதை இரண்டாக வெட்டுகிறது. பிடிப்பதும் வலிப்பதும் நம்மைப் போலவே: மே குஸ்தா, மே துவேலே. தெரிவது, வேண்டுவது, புரிவது மூன்றும் ‘நான்’ செய்யும் காரியங்கள். அங்கே எது தெரியுமோ எது வேண்டுமோ அதுதான் லோ: லோ ஸே, லோ நெஸெஸீதோ, லோ என்தியேந்தோ. இதில் மே வராது. ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதும் ‘லோ கொனோஸ்கோ’தான்.

பிடிப்பதில் இன்னொரு பள்ளம். நாம் ‘எனக்கு அவளைப் பிடிக்கும்’ என்று ஐ போட்டுச் சொல்கிறோம், அதனால் ‘மே லா குஸ்தா’ என்று ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். ஸ்பானிஷில் குஸ்தார் என்ற வினைக்குப் பிடித்த பொருள்தான் எழுவாய். ‘மே குஸ்தா’, அவ்வளவுதான்.

ஆ என்று ஒரு சின்னச் சொல்

‘வேயோ லா மேஸா’ என்றால் மேசையைப் பார்க்கிறேன். மரியா என்ற ஆளைப் பார்த்தால் ‘வேயோ ஆ மரியா’ என்று நடுவில் ஓர் ஆ வரும். ஏன் மனிதர்களுக்கு மட்டும் என்று மற்றவர்கள் விழிப்பார்கள். தமிழில் ‘புத்தகம் வாங்கினேன்’ என்று ஐயை விட்டுவிட்டுச் சொல்லலாம், ‘மரியா பார்த்தேன்’ என்று சொல்ல முடியுமா? உயர்திணைக்கு ஐ கட்டாயம். அந்த ஐதான் இந்த ஆ.

சிக்கல் என்னவென்றால் ‘மரியாவுக்கு’ என்பதற்கும் இதே ‘ஆ மரியா’தான். ஆவைப் பார்த்ததும் கு என்று முடிவு கட்டி லே போட்டுவிடுகிறார்கள். கூடாது. யாரை, யாருக்கு என்ற கேள்விக்குத் திரும்பிப் போங்கள். மரியாவைப் பார்க்கிறேன்: லா வேயோ.

லோவை விழுங்காதீர்கள்

தமிழர்களிடம் நான் அதிகம் திருத்துவது பாலும் அல்ல, இடமும் அல்ல. சொல்லவே மாட்டார்கள், அதுதான்.

‘சாவியை எடுத்துக்கொண்டாயா?’ ‘எடுத்துக்கொண்டேன்.’ ‘பாட்டியைப் பார்த்தாயா?’ ‘பார்த்தேன்.’ தமிழில் இதுதான் இயல்பு. ‘அதை எடுத்துக்கொண்டேன்’ என்று பதில் சொன்னால் சண்டைக்கு வருவது போல இருக்கும். ஸ்பானிஷில் ‘கொம்ப்ராஸ்தே எல் பான்?’ (அந்த ரொட்டியை வாங்கினாயா?) என்று கேட்டால் ‘ஸீ, கொம்ப்ரே’ என்பது பாதியில் நிற்கும் வாக்கியம். கேட்டவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். ‘ஸீ, லோ கொம்ப்ரே’ என்று லோவோடு சொல்ல வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதுவும் ஒழுங்கானது. ‘கொம்ப்ராஸ்தே பான்?’ என்று எல் இல்லாமல் பொதுவாக, ‘ரொட்டி ஏதாவது வாங்கினாயா?’ என்று கேட்டால் ‘ஸீ, கொம்ப்ரே’ சரியே. குறிப்பிட்ட பொருள் இல்லை, எனவே லோவுக்கு வேலை இல்லை. கேள்வியில் எல், லா, லோஸ், லாஸ், மி (என்), து (உன்) ஏதாவது பெயருக்கு முன்னால் வந்ததா என்று கவனியுங்கள். வந்திருந்தால் பதிலில் லோ வேண்டும்.

(ஈக்வடாரின் மலைப்பகுதியில், கெச்சுவா மொழியோடு கலந்து வாழும் ஊர்களில், குறிப்பிட்ட பொருளுக்கும் லோவை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். கெச்சுவாவும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைத்து, உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. கீட்டோவில் குடியேறுகிறவர்களுக்கு மட்டும் சலுகை என்று வகுப்பில் சொல்வேன்.)

இன்னொரு விழுங்கலும் உண்டு. தமிழில் செயப்படுபொருளை முன்னால் தூக்கிப் போடுவது சர்வ சாதாரணம்: ‘புத்தகத்தை நேற்றே வாங்கிவிட்டேன்.’ ஸ்பானிஷிலும் தூக்கிப் போடலாம், ஆனால் வினைக்கு முன்னால் லோவை மறுபடி சொல்ல வேண்டும்: ‘எல் லிப்ரோ லோ கொம்ப்ரே அயேர்.’ மரியாவை நேற்றுப் பார்த்தேன்: ‘ஆ மரியா லா வி அயேர்.’ நம் காதுக்கு ‘மரியாவை அவளை நேற்றுப் பார்த்தேன்’ என்பது போல உளறலாகப் படும். பட்டாலும் சொல்லுங்கள்.

முழு வாக்கியத்துக்கே பதிலாக வரும் லோவும் இருக்கிறது. அவன் எப்போது வருவான்? ‘நோ லோ ஸே’, தெரியாது. நீ பொறியாளரா? ‘ஸீ, லோ ஸோய்’, ஆமாம். பதில் சொல்பவர் பெண்ணாக இருந்தாலும் இங்கே லோதான், லா ஆகாது.

மீன் கடையில்

நான் இருப்பது மாலகாவில். மலேசியாவின் மலாக்கா அல்ல, தென் ஸ்பெயினில் கடலோரம். ஊரின் நடுவே அத்தரசானாஸ் சந்தை இருக்கிறது. அரபு ஆட்சிக் காலத்துக் கப்பல் கட்டும் தளம் அது, பளிங்கு வாசல் வளைவு ஒன்று மட்டும் மிச்சம், இரும்பில் கட்டிய இன்றைய சந்தை 1879-இல் எழுந்தது. லோ, லா பழக இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. காரணம், மீன்காரர் மீனின் பெயரை ஒருமுறைதான் சொல்வார், அதுவும் பெரும்பாலும் நீங்கள் சொன்னதுதான். அதன் பிறகு எல்லாம் சின்னச் சொற்கள்.

அரைக் கிலோ போக்கெரோனெஸ் கேளுங்கள். நெத்திலி வகை, மாலகாக்காரர்களுக்குச் செல்லப் பெயரே அதுதான். அவர் அள்ளித் தராசில் போட்டுக்கொண்டே கேட்பார்: ‘தே லோஸ் லிம்பியோ?’ உனக்கு அவற்றைச் சுத்தம் செய்யட்டுமா? தே உனக்கு, லோஸ் அவற்றை. பதில்: ‘ஸீ, லீம்பியாமெலோஸ்.’ சுத்தம் செய் என்ற ஏவலோடு மே, லோஸ் இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. அடுத்து மத்தி. ஸர்தீனாஸ் பெண்பால் பன்மை என்பதால் அதே கேள்வி ‘தே லாஸ் லிம்பியோ?’ ஆகிவிடும். தொராதா என்ற மீன் ஒன்றே ஒன்று வாங்கினால், ‘கோமோ லா கியேரெஸ்?’, எப்படி வேண்டும் என்பார். முழுசாகவா, திறந்தா? சுட்டுச் சாப்பிடத் திறந்து தரச் சொன்னால் ‘ஆப்ரெமெலா’.

புத்தகம் சொல்லாத ஒரு தொல்லையும் இங்கே உண்டு. ஆந்தலூசியாவில் சொல்லின் கடைசியில் வரும் ஸ் பெரும்பாலும் மூச்சாகக் கரைந்துவிடும். லோஸ் என்பது ‘லோஹ்’ என்றோ வெறும் லோ என்றோ கேட்கும். ஒருமையா பன்மையா என்று காதை நம்பினால் நடக்காது, தராசைப் பாருங்கள்.

முன்னாலா, பின்னாலா

காலம் காட்டும் வினைக்கு முன்னால், ஒட்டாமல். லோ கொம்ப்ரோ, லோ கொம்ப்ரே. எதிர்மறை என்றால் நோ அதற்கும் முன்னால்: நோ லோ கொம்ப்ரே. ஏ (ஆங்கில ‘ஹேவ்’ போன்றது) துணைவினையாக வந்தால் அதற்கும் முன்னால்: லோ ஏ கொம்ப்ராதோ. கொம்ப்ராதோவின் வாலில் ஒட்டவே ஒட்டாது.

ஆர், ஏர், ஈர் என்று முடியும் வினையின் மூல வடிவத்துக்கும், ‘வாங்கிக்கொண்டு’ போன்ற ஆந்தோ, யேந்தோ வடிவத்துக்கும் பின்னால் ஒட்டும். வாங்கப் போகிறேன் என்பதை ‘வோய் ஆ கொம்ப்ரார்லோ’ என்றும் சொல்லலாம், ‘லோ வோய் ஆ கொம்ப்ரார்’ என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டாவது அதிகம். நடுவில் மட்டும் நிற்கக் கூடாது. ‘வோய் ஆ லோ கொம்ப்ரார்’ என்று ஸ்பானிஷே இல்லை.

ஏவலில் வாங்கு என்றால் பின்னால், வாங்காதே என்றால் முன்னால்: கோம்ப்ராலோ, நோ லோ கோம்ப்ரெஸ். ஒட்டும்போது அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும், அதனால்தான் எழுத்தில் அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு போடுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லும்போது முதல் ‘கோம்’மை அழுத்துங்கள். ‘கொம்ப்ராலோ’ என்று நடுவில் அழுத்தினால் அர்ஜென்டினாக்காரர் பேச்சாகிவிடும். அங்கே அது சரி.

லேயும் லோவும் மோதினால்

அவளுக்கு அதைக் கொடுக்கிறேன்: லே, லோ, தோய். ஆனால் ‘லே லோ தோய்’ என்று சொல்வதில்லை. லகரத்தில் தொடங்கும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ஸே ஆகிவிடும்: ஸே லோ தோய். லேஸ் ஆனாலும் ஸேதான். இதற்குக் காரணம் தேட வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. காரணம் இருக்கிறது, இடைக்கால ஸ்பானிஷில் இது ‘ஜெலோ’ என்று ஒலித்தது, அந்த ஒலி மாறி வந்தது. ‘யாருக்கு?’ என்று தெளிவுபடுத்த வேண்டுமானால் கடைசியில் சேர்க்கலாம்: ஸே லோ தோய் ஆ மரியா.

மாட்ரித்துக்குப் போகிறவர்களுக்கு

மாட்ரித்திலும் வல்லாதோலிதிலும் ‘அவனைப் பார்த்தேன்’ என்பதற்கு ‘லே வி’ என்பார்கள். நான் சொன்ன விதி பொய்த்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆண்பால், ஒருமை, மனிதர் என்ற மூன்றும் சேர்ந்தால் ஸ்பானிஷ் ராயல் அகாதெமி அந்த லேயை ஏற்றுக்கொள்கிறது. புத்தகத்துக்கு லே போட்டால் ஏற்பதில்லை. அதே ஊர்களில் ‘அவளிடம் சொன்னேன்’ என்பதற்கு ‘லா திஹே’ என்றும் காதில் விழும். அது தவறு என்றுதான் அகாதெமி சொல்கிறது, நீங்கள் ‘லே திஹே’ என்றே சொல்லுங்கள். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் இங்கே ஆந்தலூசியாவிலும் லோ லோவாகவே இருக்கிறது.

பழகும் விதம்

எழுத்துப் பயிற்சியை நான் அதிகம் கொடுப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறங்கள். பால், லேச்சே, பெண்பால். லா ஸாகோ (வெளியே எடுக்கிறேன்), லா ஆப்ரோ (திறக்கிறேன்), லா பேபோ (குடிக்கிறேன்), லா குவார்தோ (உள்ளே வைக்கிறேன்). பெயரை ஒருமுறைதான் சொல்லலாம், பிறகு லா மட்டும். அடுத்து கத்தி, கூச்சீயோ, ஆண்பால். லோ கோஹோ (எடுக்கிறேன்), லோ லாவோ (கழுவுகிறேன்). இந்தக் கோஹோ ஸ்பெயினில் அன்றாடச் சொல். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் சபையில் சொல்லத் தகாத பொருள் அதற்கு, அங்கே லோ அகாரோ என்று சொல்லுங்கள். பிறகு முட்டைகள், வேவோஸ், லோஸ். வெங்காயங்கள், ஸெபோயாஸ், லாஸ்.

இது ஓடத் தொடங்கியதும் வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள், தமிழிலேயே கேட்கட்டும். கதவைப் பூட்டினாயா? அம்மாவைக் கூப்பிட்டாயா? பில்லைக் கட்டினாயா? பதில் மட்டும் ஸ்பானிஷில்: ஸீ, லா ஸெர்ரே. ஸீ, லா யாமே. பில்லுக்கு ஃபக்தூரா, பெண்பால்: ஸீ, லா பகே. கேட்பவர் ஒவ்வொரு பதிலிலும் ஸீக்கும் வினைக்கும் நடுவில் ஏதாவது ஒரு சின்னச் சொல் காதில் விழுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், அவருக்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை. விழாவிட்டால் அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். லோவா லாவா என்ற திருத்தத்தை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.